சிலந்தி மேல் விழுந்த பழி

நங்கூரம் சிரித்தால் பேருந்து டிப்போவின் மறுகோடியில் டயர் கழற்றிக்கொண்டிருப்பவர்கள்கூட நிமிர்ந்து பார்ப்பார்கள். யாருக்கோ நல்லது நடந்துவிட்டது, நமக்கும் சொல்ல மாட்டார்களா என்று ஏங்க வைக்கும் சிரிப்பு. பஸ் ஓட்ட வருவதற்கு முன்பு இவள் வாய்விட்டுச் சிரித்ததே இல்லை என்று சொன்னால் டிப்போவில் ஒருவரும் நம்பமாட்டார்கள். ஆனால் அதுதான் உண்மை.

பிறந்ததிலிருந்தே பெரிய உடம்பு. "என் மக வாசல்ல நின்னா கதவு எதுக்கு?" என்று அப்பா ஆசையாகத்தான் சொல்வார். அது அவளுக்கு முள்ளாகக் குத்தும். தையல் ஆலையில் வேலைக்குப் போனபோது இரண்டு மிஷின்களுக்கு நடுவில் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டுதான் நடப்பாள். பஸ்ஸில் உட்கார்ந்தால் பக்கத்தில் வரப்போகிறவருக்காக ஜன்னலோடு ஒட்டிக்கொள்வாள். தனக்கென்று அளந்து கொடுத்த இடத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக எடுத்துக்கொண்டுவிட்டதுபோல எப்போதும் ஒரு கூச்சம்.

ஆலையை மூடிவிட்டார்கள். அந்தச் சமயத்தில் நகரப் பேருந்துக்குப் பெண் ஓட்டுநர்களை எடுத்தார்கள். அண்ணி விளையாட்டாக, "போய்த்தான் பாரேன், உன்னைத் தின்னவா போறாங்க?" என்றாள். போனாள். பயிற்சி வண்டி ஒரு கிழட்டு வண்டி. ஸ்டியரிங்கைத் திருப்புவதற்குள் மற்றப் பெண்கள் சீட்டிலிருந்து எழுந்து, உடம்பையே வளைத்து, வியர்த்து விறுவிறுத்துப் போனார்கள். இவள் உட்கார்ந்த இடத்திலேயே, ஏதோ தண்ணீர்க் குழாயை மூடுகிற மாதிரி திருப்பினாள். பயிற்சி கொடுத்தவர் எட்டிப் பார்த்து, "இந்த வண்டிக்கு எப்ப பவர் ஸ்டியரிங் மாட்டினாங்க?" என்று கேட்டார்.

கணவர் கிடைத்ததும் பஸ்ஸில்தான். காலையில் முதல் நடைக்கு ஒருவர் துணியில் சுருட்டிய நீளமான பொட்டலத்தோடு ஏறுவார். ஓட்டுநர் இருக்கைக்கு நேர் பின்னால் உட்கார்ந்து, பொட்டலத்தைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொள்வார். ஒருநாள் குறுக்கே ஒரு நாய் ஓடியது. அவள் பிரேக்கை மிதித்தாள். பொட்டலம் உருண்டு அவிழ்ந்தது. விதவிதமான கத்திகள் பஸ் முழுக்கச் சிதறின. பயணிகள் அலறிய அலறலில் அவள் வண்டியை ஓரங்கட்டித் திரும்பினாள்.

"இத்தனை கத்தியை எடுத்துக்கிட்டு எங்கங்க போறீங்க?"

"பள்ளிக்கூடத்துக்குங்க" என்றார் அவர்.

அலறல் இரண்டு மடங்கானது. ஒருவர் ஜன்னல் வழியாகக் குதிக்கக் காலைத் தூக்கிவிட்டார்.

"ஐயோ, நான் கேன்டீன் சமையல்காரங்க! இதெல்லாம் காய் வெட்டுற கத்திங்க! தயவுசெஞ்சு காலை உள்ள எடுங்க!"

அப்போதுதான் அவளுக்குள்ளிருந்து அந்தச் சிரிப்பு வெளியே வந்தது. அவளே திடுக்கிட்டுப் போகும் அளவுக்குப் பெரிய சிரிப்பு. அதன் பிறகு தனக்கு வேறு பஸ்ஸில் ஏற மனசு வரவில்லை என்று இன்றைக்கும் அவர் சொல்வார். வேறு வழித்தடத்துக்கு அவளை மாற்றியபோது, கேன்டீனுக்கு ஒரு ஊரையே சுற்றிப் போனார் மனிதர். பிறகு கல்யாணம். ஒரே மகள். அப்பாவின் கத்தியைவிடக் கூர்மையான நாக்கோடு பள்ளிக்கூடத்துக்குப் போய்வருகிறாள்.

கயிறு வந்தது அதற்கும் பிறகு. டிப்போ விளையாட்டு விழாவுக்காகப் பெண்களின் கயிறிழுக்கும் அணி ஒன்றைத் திரட்டினார் தலைமை மெக்கானிக். வண்டிகளின் வயிற்றுக்கடியிலேயே வாழ்கிற மனிதர். முன்னால் நின்று தாளம் போட விசில் அக்காவைப் பிடித்தார். கண்டக்டரான அந்த அக்கா பேசுவதைவிட விசில் ஊதுவதுதான் அதிகம். நங்கூரத்தைக் கயிற்றின் கடைசிக்குக் கூட்டிப்போய், கயிற்றை அவள் அக்குளுக்கடியில் விட்டு, முதுகுக்குக் குறுக்கே கொண்டுவந்து, மறுதோளின் மேல் போட்டார்.

"நீ இழுக்கவே வேணாம். பின்னால சாஞ்சு நின்னாப் போதும்."

"நின்னாப் போதுமாண்ணே?"

"உன்னை மாதிரி நிக்க எனக்கு இன்னொரு ஆள் கிடைக்காதும்மா."

விசில் ஊதியது. அவள் சாய்ந்தாள். முன்னால் ஏழு பெண்கள் வழுக்கினார்கள், கத்தினார்கள், கெட்ட வார்த்தைகூடச் சொன்னார்கள். கயிறு அவளைத் தாண்டி ஓர் அங்குலம் நகரவில்லை. உன் எடை மொத்தமும் எங்களுக்கு வேண்டும் என்று இந்த உலகம் அவளிடம் கேட்டது அதுதான் முதல் தடவை. அன்று அவளுக்கு நங்கூரம் என்ற பெயர் விழுந்தது. அன்று மாலை வீட்டுக்கு வந்து, கணவரைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினாள்.

அணி ஜெயிக்க ஆரம்பித்தது. முதல் கோப்பை கிடைத்த அன்று எல்லோரும் முகம் துடைத்தது விசில் அக்காவின் மஞ்சள் துண்டில். அதனால் அது ராசியான துண்டாகிவிட்டது. ஒவ்வொரு போட்டிக்கு முன்னும் பின்னும் எட்டுப் பேரும் அதில் முகமும் கழுத்தும் கையும் துடைத்தாக வேண்டும். துவைத்தால் ராசி போய்விடும் என்று மெக்கானிக் தடை போட்டிருந்தார். நாகரிகமாகச் சொன்னால், அந்தத் துண்டுக்கு ஒரு தனி வாசனை இருந்தது. நாகரிகம் பார்க்காத மகள், "அம்மா, அது தானா நடந்து வருது" என்பாள். கடைசியாகத் தீயணைப்பு நிலையத்துப் பெண்களோடு நடந்த சிநேகப் போட்டி முடிந்ததும், வியர்வையில் நனைந்து நின்ற அவர்களுக்கும் பெருந்தன்மையோடு அந்தத் துண்டைக் கொடுத்தார்கள்.

அதற்கடுத்த வாரம் அவள் அக்குளுக்குக் கீழே, கயிறு உரசித் தோல் வழன்ற இடத்தில், சிவப்பாக ஒரு கொப்புளம் வந்தது. தொட்டால் சுட்டது.

"சிலந்தி கடிச்சிருக்கு" என்றாள்.

கணவர் உடனே சிலந்தி வேட்டையில் இறங்கினார். அலமாரியை நகர்த்தினார், கட்டிலைக் கவிழ்த்தார், விளக்குமாற்றால் மூலைமூலையாகக் குத்தினார். கடைசியில் குளியலறைக் கூரையில் நூல் மாதிரி கால்களோடு ஒன்று அகப்பட்டது. மகள் அதை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பார்த்தாள்.

"இதுவா? இது அம்மாவைக் கடிச்சிருந்தா, இப்ப இதுக்குத்தான் காய்ச்சல் வந்திருக்கும்."

ஆனாலும் பழி சிலந்தி மேல்தான் விழுந்தது. நங்கூரம் ஏதோ களிம்பைத் தடவினாள். கணவரின் பல்வலிக்கு வாங்கி மிச்சமிருந்த மாத்திரைகளை எடுத்து விழுங்கினாள். கொப்புளம் எலுமிச்சம்பழ அளவுக்குத் திரண்டது. உடம்பு கொதித்தது. ஒரு காலை, வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பியபோது கண்ணில் பூச்சி பறந்தது. அடுத்த நிறுத்தத்தில் வண்டியை ஒழுங்காக நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, மாற்று ஓட்டுநரைக் கேட்டு டிப்போவுக்குப் போன் செய்தாள். நடுவழியில் வண்டியை அவள் இன்னொருவர் கையில் கொடுத்தது அதுவே முதல் தடவை. கொடுத்துவிட்டு நேராக மருத்துவமனைக்கு நடந்தாள்.

டாக்டரம்மா மிகக் குள்ளம். நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தரையைத் தொடாது. கட்டியைப் பார்த்ததும் கையுறையை மாட்டிக்கொண்டார்.

"சிலந்தி கடிச்சிருச்சு டாக்டர்."

"எல்லாரும் அதையேதான் சொல்றாங்க. பாவம் அந்தச் சிலந்தி, அதுக்கு வக்கீல் வைக்கக்கூட வழியில்ல" என்றபடி டாக்டர் மரத்துப்போகும் ஊசியைப் போட்டு, கட்டியைக் கீறினார். உள்ளிருந்து வந்ததைப் பற்றி விவரிக்க வேண்டாம். வலி வடிந்ததும் வந்த நிம்மதியில் நங்கூரத்துக்குக் கண்ணீர் வந்துவிட்டது என்பது மட்டும் போதும். சீழில் கொஞ்சம் பரிசோதனைக்குப் போனது. காயத்தில் துணி திணித்துக் கட்டு போட்டு, மாத்திரை எழுதிக் கொடுத்து, முடிவு வந்ததும் கூப்பிடுவதாகச் சொல்லி அனுப்பினார். கூப்பிட்டார்.

"உங்க கட்டிக்குக் காரணம் ஸ்டாஃப்" என்றார் டாக்டர்.

நங்கூரம் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "எங்க ஸ்டாஃபா? யாரு டாக்டர்? ஆபீஸ்ல இருக்கிறவங்களா?"

டாக்டர் சிரித்த சிரிப்பில் நாற்காலி பின்னால் உருண்டு சுவரில் மோதியது. "கிருமியோட பேரும்மா அது! உங்க டிப்போ ஸ்டாஃப் இல்ல, ஸ்டாஃப் கிருமி! நம்ம தோல்லயும் மூக்குலயும் சும்மா குடியிருக்கிற சாதாரணக் கிருமிதான். ஆனா உங்களுக்கு வந்திருக்கிறது கொஞ்சம் முரட்டு வகை. வழக்கமா குடுக்கிற மாத்திரைக்கு மசியாது. அந்தப் பல்வலி மாத்திரையெல்லாம் அதுக்கு மிட்டாய் மாதிரி."

"நான் ஆஸ்பத்திரியில படுத்ததே இல்லையே டாக்டர். இதெல்லாம் ஆஸ்பத்திரிலதானே ஒட்டும்?"

"முன்னெல்லாம் அங்கதான் பார்ப்போம். இப்ப அது வெளிய வந்து ரொம்ப நாளாச்சு. நல்லா ஓடியாடுற ஆளுங்களுக்கும் வருது. விளையாடுற குழு, ஒரே வீட்டுல இருக்கிறவங்க, ஒரே பிளேடு, ஒரே துண்டு... ஒரு சின்ன சிராய்ப்பு இருந்தா போதும், உள்ள நுழைஞ்சிடும்."

"அப்போ மருந்தே கிடையாதா?"

"ஏன் இல்ல? இதுக்குன்னு வேலை செய்யிற மாத்திரை இருக்கு. இன்னைக்கே மாத்தித் தரேன், நடுவுல நிறுத்தாம முழுசா சாப்பிடணும். பாதி வேலை கீறி விட்டப்பவே முடிஞ்சது. காயத்தை மூடியே வைக்கணும், கையைக் கழுவிக்கிட்டே இருக்கணும், உங்க துண்டு உங்களுக்கு மட்டும்தான். சரி, வீட்டுல, வேலையில வேற யாருக்காவது இப்படி இருக்கா?"

ஒரே துண்டு என்ற வார்த்தை காதில் விழுந்தபோதே நங்கூரத்தின் கண் முன்னால் மஞ்சளாக ஏதோ ஆடியது. ஆனால் முதலில் நினைவுக்கு வந்தது கணவரின் மணிக்கட்டு. நேற்றுதான் அங்கே ஒரு பிளாஸ்திரி ஒட்டியிருந்தார். என்ன என்று கேட்டதற்கு, "சிலந்தி" என்றார்.

ஊசி என்றால் கணவருக்கு உயிர் போய்விடும். ஆட்டுத் தொடையை ஒரே வெட்டில் பிளக்கிற மனிதர், மருத்துவமனை வராந்தாவில் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, "சும்மா பார்க்க மட்டும்தானே செய்வாங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பார்க்க மட்டும் செய்யவில்லை. கட்டோடு வெளியே வந்தவரை, புண் ஆறும்வரை சமையலறைப் பக்கமே வரக்கூடாது என்று கேன்டீனில் சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

வீட்டிலும் அதே சட்டம். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, மனைவியும் மகளும் சமைத்தார்கள். அவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே படை நடத்தினார்.

"தீயைக் குறை. குறைன்னா அணைக்கிறதில்ல! வெங்காயத்தை அப்படியா வெட்டுவாங்க? அது என்ன பாவம் பண்ணுச்சு?"

"நான் பஸ் ஓட்டும்போது பின்னாடி உட்கார்ந்து நீங்க எதாவது சொன்னீங்களா?" என்று நங்கூரம் கத்தியை ஆட்டினாள்.

"நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டே இருங்க, இங்க முட்டை கருகுது" என்றாள் மகள். அன்று கருகிய முட்டையும் குழைந்த சோறும் சாப்பிட்டார்கள். அவர் ஒரு வாய் சாப்பிட்டு, கண்ணை மூடி, ரொம்ப நேரம் யோசித்து, "உப்பு சரியா இருக்கு" என்றார். தாயும் மகளும் கோப்பையே கிடைத்ததுபோல் குதித்தார்கள்.

காய்ச்சல் விட்டு, காயம் நன்றாக மூடிக் கட்டியிருந்ததால் டாக்டர் வேலைக்குப் போகச் சொன்னார். இரண்டாவது நாளே அது நடந்தது. அடுத்த நடைக்கு வந்த ஓட்டுநர் பெண், நங்கூரம் இறங்கியதும், இருக்கையில் ஒரு செய்தித்தாளை விரித்து அதன் மேல் உட்கார்ந்தாள். யாரிடமிருந்தோ விஷயம் கசிந்திருந்தது. "குளிக்க மாட்டாளோ என்னமோ" என்று டீக் கடை ஓரம் ஒரு குரல். டிப்போ வாசலைக் கடந்தபோது, ஆலையில் நடந்ததுபோல, மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு நடப்பதை நங்கூரமே கவனித்தாள். எவ்வளவு காலத்துக்குப் பிறகு! அவளுக்கே தன் மேல் கோபம் வந்தது.

அன்று மாலை பயிற்சி. அவளுக்குக் கயிற்றைத் தொட அனுமதி இல்லை, ஓரமாக உட்கார்ந்து பார்த்தாள். விசில் அக்கா முழங்காலை மடக்காமல் விறைப்பாக நிற்பதைப் பார்த்தாள். இன்னொருத்தி, அந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை. பிரேக் பிடிக்காத வண்டியை, அதைச் சொல்லாமலேயே அடுத்தவர் கையில் கொடுக்கிற ஓட்டுநர் உண்டா? அப்படி ஒருத்தி இருந்தால் அவளை இவளே அறைந்திருப்பாள்.

பயிற்சி முடிந்து எல்லோரும் உடை மாற்றும் அறைக்குள் வந்ததும், கதவைச் சாத்தி அதன் மேல் சாய்ந்து நின்றாள். இனி யாரும் வெளியே போக முடியாது.

"எல்லாரும் கேளுங்க. எனக்கு வந்தது சிலந்திக் கடி இல்ல. ஸ்டாஃப்னு ஒரு கிருமி. சாதாரண மருந்துக்கு அடங்காதது. குளிக்காததால வரல, ஒருத்தர்கிட்ட இருந்து ஒருத்தருக்கு ஒட்டுறது. என்கிட்ட இருந்து உங்களுக்கு வந்திருக்கலாம், உங்ககிட்ட இருந்து எனக்கும் வந்திருக்கலாம். இதோ பாருங்க." சட்டையைத் தூக்கிக் கட்டைக் காட்டினாள்.

பிறகு விசில் அக்கா மெதுவாகப் பேன்டை முழங்கால்வரை சுருட்டினாள். அங்கே தக்காளி மாதிரி ஒன்று.

"நானும் சிலந்தின்னுதான்டி நினைச்சேன்."

முழுக்கைச் சட்டைக்காரி கையைச் சுருட்டினாள். "எனக்கு எறும்புன்னு எங்க வீட்டுல சொன்னாங்க."

அலுவலகத்திலிருந்து வருகிற அமைதியான பெண் ஒருத்தி, முகம் சிவக்க, "என்னோடது காட்ட முடியாத இடத்துல இருக்கு" என்றாள். "அதான் ஒரு வாரமா ஆபீஸ்ல நின்னுக்கிட்டே வேலை பார்க்கிறேன்."

அவ்வளவுதான். நங்கூரத்திடமிருந்து அந்தச் சிரிப்பு வெடித்தது. கட்டு போட்ட இடம் வலித்தது, நிறுத்த முடியவில்லை. எட்டுப் பேரும் பெஞ்சில் விழுந்து சிரித்தார்கள். நின்றுகொண்டே வேலை பார்த்தவள் மட்டும் நின்றுகொண்டே சிரித்தாள்.

மறுநாள் அவர்கள் எல்லோரும் ஒன்றாக மருத்துவமனைக்குப் போனார்கள். கதவைத் திறந்த டாக்டரம்மா, ஒருவர் பின் ஒருவராக உள்ளே வந்த அந்தத் தோள்களைப் பார்த்து இரண்டடி பின்வாங்கினார்.

"என்னம்மா, என்னைத் தூக்கிட்டுப் போக வந்திருக்கீங்களா?"

"இவங்கதான் டாக்டர் எங்க ஸ்டாஃப்" என்றாள் நங்கூரம்.

ஒரு சிலருக்குக் கீற வேண்டியிருந்தது. ஒரு சிலருக்குக் கட்டு மட்டும். மூன்று பேருக்கு ஒன்றுமே இல்லை, அவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. டாக்டர் எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்துச் சொன்னார். காயம் ஆறும்வரை கயிறு கிடையாது. புண்ணை யாரும் கிள்ளவோ பிதுக்கவோ கூடாது. பயிற்சி முடிந்த உடனே சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும். அப்புறம், எங்கே அந்தத் துண்டு?

துண்டு மெக்கானிக்கின் பாதுகாப்பில் இருந்தது. விஷயத்தைச் சொன்னதும் அவர் அதை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"கோப்பை வாங்கிக் குடுத்த துண்டும்மா இது!"

"கட்டியும் அதுதாண்ணே வாங்கிக் குடுத்திருக்கு" என்றாள் விசில் அக்கா.

"அது நிச்சயமா தெரியுமா?"

"நிச்சயமா தெரியாதுன்னுதான் டாக்டரும் சொன்னாங்க. சந்தேகத்தின் பேர்ல கைது பண்றோம். விடுங்கண்ணே."

கொதிக்கிற தண்ணீரில் போட்டார்கள். தண்ணீர் முதலில் மஞ்சளாகி, பிறகு பழுப்பாகி, பிறகு பெயர் வைக்க முடியாத ஒரு நிறத்துக்கு வந்தது. வெயிலில் காய்ந்தபோது பார்த்தால், அந்தத் துண்டு மஞ்சளே இல்லை, வெள்ளை. நீலக் கரைகூட இருந்தது. விசில் அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது என்னோட துண்டே இல்லடி!"

இதில் ஒரு சிக்கல் பாக்கி இருந்தது. தீயணைப்பு நிலையத்து அணியோடு இறுதிப் போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. அவர்களும் அதே துண்டில் துடைத்தவர்கள். சொன்னால் போட்டியை ரத்து செய்துவிடுவார்கள், டிப்போ பெயர் கெட்டுவிடும், வேண்டாம் என்று அணியில் பாதிப் பேர் சொன்னார்கள். மெக்கானிக் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவங்க நம்மளை ஜெயிக்கப் பார்க்கிறவங்கதான்" என்றாள் நங்கூரம். "ஆனா அவங்க வீட்டுலயும் பிள்ளைங்க இருக்கு." யாருடைய பதிலுக்கும் காத்திராமல் கிளம்பிவிட்டாள்.

தீயணைப்பு நிலையத்தில் அவர்கள் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அணித் தலைவி ஏணிமேல் நின்றபடி, "என்ன நங்கூரம், வேவு பார்க்க வந்தியா?" என்று கேட்டாள். அவளும் தன் அணியின் கயிற்றில் கடைசி ஆள்தான், நங்கூரத்துக்குச் சரிசமமான உடம்பு. நங்கூரம் தயங்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடித்ததும் தலைவி ஏணியிலிருந்து மெல்ல இறங்கி, நிலையத்துக்குள் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"ஏய், உங்க சூட்டுக் கொப்புளத்தை எல்லாம் தூக்கிட்டு வெளிய வாங்கடி!"

இரண்டு பெண்கள் வந்தார்கள். ஒருத்திக்குத் தோளில், ஒருத்திக்குக் கழுத்தில். தீக்குப் பக்கத்தில் வேலை செய்கிற உடம்பு, சூட்டினால் வந்தது என்று அங்கே பழியைத் தீ மேல் போட்டிருந்தார்கள். அதில் கழுத்தில் இருந்தவளுக்கு அன்று காலையிலிருந்து காய்ச்சல். அவளை அப்போதே டாக்டரிடம் அனுப்பினார்கள். இன்னும் இரண்டு நாள் தள்ளியிருந்தால் படுக்க வைத்து ஊசி வழியாக மருந்து ஏற்ற வேண்டியதாகியிருக்கும் என்று டாக்டர் சொன்னாராம்.

தலைவி நங்கூரத்தின் கையைப் பிடித்துக் குலுக்கப் போனவள், சட்டென்று நிறுத்தி, "முதல்ல ரெண்டு பேரும் கை கழுவுவோமா?" என்றாள். கழுவிவிட்டுக் குலுக்கினார்கள். போட்டி ரத்தாகவில்லை. எல்லோருக்கும் ஆறியபிறகு என்று இரண்டு அணியும் சேர்ந்தே தள்ளிவைத்தார்கள்.

ஆறியது. நங்கூரத்துக்கு அக்குளுக்குக் கீழே ஒரு தழும்பு மிஞ்சியது. கணவர் கேன்டீனுக்குத் திரும்பிய அன்று, வெங்காயத்தை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வெட்டினாராம். செய்தித்தாள் விரித்த ஓட்டுநர் பெண் ஒருநாள் தயங்கித் தயங்கி வந்து, தன் மகனுக்குத் தொடையில் ஏதோ இருப்பதாகவும், அந்த டாக்டர் எங்கே இருக்கிறார் என்றும் கேட்டாள். நங்கூரம் ஒரு வார்த்தை குத்தாமல், தன் வண்டியிலேயே தாயையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு போய் மருத்துவமனை வாசலில் இறக்கினாள். அது வெறும் கொசுக்கடி. இரண்டு பேரும் அதற்காக டீக் கடையில் கேக் வாங்கிச் சாப்பிட்டார்கள்.

போட்டி நாளன்று மைதானத்தைச் சுற்றி ஜனம். டாக்டரம்மா முன்வரிசையில் ஒரு பெட்டியின் மேல் ஏறி நின்றார். உரசல் படாமலிருக்க எல்லோரும் முழுக்கைச் சட்டை. இடுப்பில் அவரவர் துண்டு, ஒவ்வொன்றும் ஒரு நிறம். மெக்கானிக்குக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. நங்கூரம் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டாள். எதிர்ப்பக்கக் கோடியில் தீயணைப்புத் தலைவி போட்டுக்கொண்டாள். விசில்.

முதல் இழுப்பு அவர்களுக்கு. இரண்டாவது இவர்களுக்கு. மூன்றாவதில் கயிறு நடுவில் அப்படியே நின்றது. முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஜனம் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனது. நங்கூரம் வானத்தைப் பார்த்தபடி சாய்ந்திருந்தாள். குதிகால் மண்ணில் புதைந்துகொண்டே போனது. ஓரத்திலிருந்து கணவரின் குரல் கேட்டது: "தீயைக் குறைக்காதே! குறைக்காதே!" பக்கத்தில் மகள், "அப்பா, மானத்தை வாங்காதீங்க!" என்றாள். நங்கூரத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அந்த வெடிச்சிரிப்பு மைதானத்தின் மறுகோடிக்குப் போய்த் தீயணைப்புத் தலைவியைத் தொற்றிக்கொண்டது. அவளும் சிரித்தாள். சிரித்தவளுக்குக் கால் நழுவியது. எட்டுப் பேரும் சீட்டுக்கட்டு மாதிரி ஒருத்தி மேல் ஒருத்தியாகச் சரிந்தார்கள். எதிர்பாராமல் தளர்ந்த கயிற்றோடு டிப்போ அணியும் மல்லாக்க விழுந்தது.

"இது அநியாயம்! சிரிக்க வச்சு ஜெயிச்சுட்டாங்க!" என்று மண்ணில் கிடந்தபடியே கத்தினாள் தலைவி.

"சிரிக்கக் கூடாதுன்னு விதியில இல்லம்மா" என்றார் நடுவர், கண்ணைத் துடைத்துக்கொண்டே. கோப்பை டிப்போவுக்கு.

எல்லோரும் தலைமுதல் கால்வரை சேறு. டாக்டர் பெட்டியின் மேலிருந்து, "உடனே குளிக்கணும்! சோப்புப் போட்டு!" என்று கத்தினார். மைதானத்தில் இருந்ததோ ஒரே ஒரு குழாய், அதுவும் சொட்டுச்சொட்டாக. தீயணைப்புத் தலைவி ஒரு கணம் யோசித்தாள். பிறகு மைதான ஓரத்தில் நின்ற சிவப்பு வண்டியைப் பார்த்துக் கையைத் தூக்கினாள்.

தண்ணீர் மேலே போய் விரிந்து, மழையாக இறங்கியது. இரண்டு அணியும் உடுத்திய உடையோடு அதற்கடியில் ஓடியது. ஆளுக்கொரு சோப்பு. விசில் அக்கா நுரைக்குள்ளிருந்து விசில் ஊதினாள். ஜெயித்தவர்கள் யார், தோற்றவர்கள் யார் என்று அடையாளம் தெரியவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் நாலைந்து பேர் புகுந்தார்கள். மெக்கானிக்கையும் இழுத்துப் போட்டார்கள், வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒட்டியிருந்த கிரீஸ் அன்றுதான் போனது என்று பேச்சு.

அடுத்த வருஷம் மகளுக்குக் காலில் ஒரு கட்டி வந்தது. அன்றைக்கே மூடிக் கட்டி, அன்றைக்கே டாக்டரிடம் போனார்கள், சின்னதாக வந்து சின்னதாகவே போனது. அந்தக் கிருமி ஊரைவிட்டு எங்கேயும் போய்விடவில்லை, எங்கேயாவது யாரோ ஒருவர் தோலில் இருக்கத்தான் செய்யும் என்று டாக்டர் சொல்கிறார். டிப்போவிலோ தீயணைப்பு நிலையத்திலோ இப்போது யாரும் அதை மறைப்பதில்லை. காலையில் நங்கூரத்தின் பஸ்ஸில் ஏறுகிறவர்கள்கூடச் சட்டைக் கையைச் சுருட்டி, "இதைக் கொஞ்சம் பாரும்மா, இது ஸ்டாஃபா?" என்று கேட்கிறார்கள்.

"டாக்டர்கிட்ட காட்டுங்க, நான் டிரைவர்" என்று சொல்லிவிட்டு, கண்ணாடியைச் சரிசெய்து, இருக்கையில் தாராளமாகச் சாய்ந்து உட்கார்ந்து அவள் வண்டியை எடுக்கிறாள்.